நெற்றி விளக்கின் வட்டம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, சந்தைத் தெரு முனையில் இருக்கும் மின்சாமான் கடையில் ஒரு நெற்றி விளக்கு திருப்பித் தரப்பட்டது. வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதே காரணத்தைச் சொல்லி அவர்கள் திருப்பிக் கொண்டுவந்த இரண்டாவது விளக்கு அது.

கொண்டுவந்தவர்கள் ஒரு பால்காரரும் அவர் மனைவியும். ஊர் முடிந்து, தார் ரோடும் முடிந்து, மண் தடத்தில் கொஞ்ச தூரம் போனால் அவர்கள் வீடு. சுற்றிலும் தீவனப் பயிர், பின்னால் கிணறு, பக்கவாட்டில் மாட்டுக் கொட்டகை. விடியுமுன் கறந்த பாலைக் கேன்களில் ஊற்றி, சின்ன சரக்கு வேனில் ஏற்றி, ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார் பால்காரர். மகளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனதிலிருந்து வீட்டில் இரண்டே பேர்.

நெற்றி விளக்கு வருவதற்கு முன்னால் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டுதான் அவர் வேலை செய்வார். அந்த டார்ச்சின் வாலில் அவருடைய பல் பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. "டார்ச் வாயில இருக்கிற வரைக்கும் மனுஷனால திட்ட முடியாது. அதுதான் எனக்கு ஓய்வு நேரம்" என்று அவள் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிச் சிரித்ததுண்டு. ஒரு நாள் கிணற்று மோட்டார் ஓடாமல் அடம்பிடிக்க, அதைத் திட்டுவதற்காக அவர் வாயைத் திறந்தார். டார்ச் கிணற்றுக்குள் போனது. மறுநாள் நெற்றி விளக்கு வாங்கிவந்தார்.

வாங்கிய புதிதில் அதைக் கழற்றவே இல்லை. கறக்கும்போது இரண்டு கையும் காலி என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கன்றுக்குட்டியின் காதுக்குள் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்க, மோட்டார் பெட்டிக்குள் எரிந்துபோன ஃபியூஸைத் தேட, வேனுக்கடியில் மல்லாந்து படுத்து ஆயில் மாற்ற, விறகுக் குவியலில் கைவைக்குமுன் தேள் இருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்காலில் ஏறிய முள்ளை எடுக்க, பரண்மேல் ஏறி ஓட்டில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க. அவளும் கடன் வாங்குவாள், ஊசியில் நூல் கோக்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். ஊரே அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன மாமா, எஞ்சின் கிளம்பிருச்சா? அடுத்த ஸ்டேஷன் எது?" என்பார். "உன் மண்டைக்குள்ள அடிச்சுப் பாக்கலாமான்னு இருக்கேன். காலியா இருந்தா தீவனம் கொட்டி வைக்கலாம்" என்பார் இவர்.

அந்த விளக்கில் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. போட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைத் திருப்பினால் எதிரில் இருப்பவருக்குக் கண் கூசிப்போகும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் நெற்றியில் விளக்கு இருந்தாலும், மற்றவரோடு பேசும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குத் திருப்ப முடியாவிட்டால் உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். விடியற்காலைகளில் அவர் மாட்டின் வயிற்றைப் பார்த்துப் பேசுவார், அவள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். முகம் பார்க்காமல் பேசுவது சீக்கிரமே பழகிப்போனது. பகலிலும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்திலிருந்து அவர் விளக்கைக் குறை சொல்ல ஆரம்பித்தார். சார்ஜ் நிற்கவில்லை என்றார். அவள் இரவெல்லாம் சார்ஜில் போட்டாள். கண்ணாடியில் தூசி என்றார். அவள் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, ஊதியும் பார்த்தாள். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் மாற்றித் தந்தார். புதிதாக வந்த விளக்கு முதல் வாரம் நன்றாக எரிவதாகச் சொன்னார் பால்காரர். அப்புறம் அதுவும் மங்கல். இதற்கிடையில் வாசல் கேட்டின் இடப்பக்கத் தூணில் வேன் இரண்டு முறை உரசி, பக்கக் கண்ணாடி உடைந்தது. தூணைக் கட்டிய கொத்தனாரை அவர் திட்டினார். வழியில் வைத்த வாளியை உதைத்துப் பாலைக் கொட்டினார். வாளியை அங்கே வைத்ததற்காக அவளைத் திட்டினார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அவளும் பதிலுக்குக் கேட்டாள். கல்யாணமானதிலிருந்து இருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். யாரும் அதற்கு விடை எதிர்பார்ப்பதில்லை.

விளக்கைத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும் என்று அவள் முடிவெடுத்தது முட்டை விஷயத்தில்.

கோழியை அடைவைத்து ஒரு வாரம் ஆனதும், கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டையாக விளக்கின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்போல் பரவியிருக்கும். ஒன்றுமில்லாதது வெறும் மஞ்சளாக ஒளிரும், அது கூமுட்டை. இந்தக் கணிப்பில் பால்காரர் தவறியதே கிடையாது. அன்றைக்கும் அவர்தான் பார்த்தார். விளக்கைக் கழற்றி மல்லாத்திப் பிடித்து, முட்டையை வைத்து, முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோனார்.

"கூமுட்டை" என்றார். அடுத்ததை வைத்தார். "கூமுட்டை." அதற்கடுத்தது. "எல்லாமே கூமுட்டைதான். அந்தச் சேவலுக்கு ஒரு எழவும் தெரியல. கொண்டுபோய்க் கொட்டு."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினாள். ஒரு முட்டை கல்லில் பட்டு உடைந்தது. உள்ளே நரம்புகளுக்கு நடுவில், அரிசி அளவில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கறுப்பாக ஒரு கண்கூட இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு நின்றது. மற்ற முட்டைகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அதற்குள் கோழி அடையிலிருந்து எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். எழுந்துபோனது. மறுபடி பிடித்தாள். மறுபடியும் போனது. சாயங்காலம்வரை அவள் கோழியோடு மல்லுக்கட்டினாள்.

"லைட்டு பத்தலன்னு நான் எத்தன தடவ சொன்னேன்?" என்றார் அவர், மாட்டைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை காலை, கடைக்காரர் விளக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, வர்ற வழியில கீழ எங்கயாவது போட்டீங்களா?"

"நான் ஏம்ப்பா போடறேன். உன் சரக்கு அப்படி."

"போன தடவையே கம்பெனிக்காரன் என்னை ஒரு மாதிரி பாத்தான். நல்ல லைட்டத் திருப்பி அனுப்பியிருக்கியேன்னு." கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். கடைக்குள் வெயில் வராத மூலையில் அடுக்கியிருந்த வாளிகளும் வயர்ச் சுருள்களும் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் விளக்கை அவர்கள் பக்கம் திருப்பியபோது அவள் கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டாள். கையை எடுத்த பிறகும் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் மிதந்தன.

"இது பத்தலையா அண்ணே?"

"இதுவா?" என்றார் பால்காரர். விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். "மின்மினிப்பூச்சி இதவிட நல்லா எரியும்."

கடைக்காரர் சிரிக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, விளையாட்டுக்குச் செய்பவரைப்போல, விளக்கைப் பிடித்திருந்த கையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். பால்காரரின் தோளுக்கு நேராக அது வந்தது. வெளிச்சம் அவருடைய கன்னத்திலும் காதிலும் விழுந்தது; காது மடல் சிவப்பாக ஒளிர்ந்தது.

"ஏன் அணைச்சுட்ட?" என்று கேட்டார் பால்காரர்.

தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் விளக்கை அணைத்து, டப்பாவில் போடாமல், அவள் கையில் கொடுத்தார். "அக்கா, லைட்டு நல்லாருக்கு" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்கு வேணும்னா வண்டிய நான் ஆள் வச்சு அனுப்பறேன்" என்றார்.

"ஆள் வச்சா? எதுக்கு?" பால்காரருக்குக் காது நன்றாகவே கேட்டது. "என் கல்யாணத்துக்கு முன்னாலேருந்து வண்டி ஓட்டறேன். பொழப்பப் பாருப்பா." வெளியே வந்து வேனில் ஏறி, சாவியைத் திருகினார்.

அவள் தெருவிலேயே நின்றுவிட்டிருக்கலாம். ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தனியாகக் கிளம்பிப் போய்விடுவார், அது அவளுக்குத் தெரியும். வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியாது. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

சந்தைத் தெருவைத் தாண்டும்வரை அவள் மூச்சே விடவில்லை. நேராக முன்னால் போகிற எதுவானாலும் அவருக்குத் தெரிந்தது. பிரேக் போட்டார், கியர் மாற்றினார், முன்னால் போன லாரிக்காரனைக் கரித்துக்கொட்டினார். எல்லாம் எப்போதும்போல இருந்தது. ஆனால் கழுத்து ஓயாமல் திரும்பிக்கொண்டிருப்பதை அவள் இப்போதுதான் கவனித்தாள். கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டியதைத் தலையைத் திருப்பிப் பார்த்தார், நெற்றியில் விளக்கு மாட்டியிருப்பவரைப்போல. வீட்டில் இதையே தினமும் பார்த்திருந்தாள். விளக்கு போட்டவர் அப்படித்தானே திரும்ப வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

ஊர் எல்லைப் பாலத்துக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் அவர்களுக்கு இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தாள். திடீரென்று வந்தவள் இல்லை; வெகுநேரமாகக் கூடவே வந்தாள். பாலத்தில் ரோடு குறுகியது. வேன் இடப்பக்கம் ஒதுங்கியது.

"சைக்கிளு!" என்று மனைவி கத்தினாள். "சைக்கிளு! சைக்கிளுங்க!"

அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் காலி கேன்கள் உருண்டு மோதிக்கொண்டன. சைக்கிள்காரி பாலத்துச் சுவரில் கையூன்றி, தப்பித்து, திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனாள்.

"எங்கேருந்து வந்துச்சு அது?" என்றார் அவர்.

"கூடவே வந்துச்சு."

பாலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கின்மேல் இருந்தன. பழக்கதோஷத்தில் இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"எப்பலேருந்துங்க?"

"எது எப்பலேருந்து?"

அவள் மடியிலிருந்த விளக்கைப் போட்டு அணைத்தாள்.

"நடுவுல நல்லாத்தான் தெரியுது" என்றார். பிறகு, "நெத்தி லைட்டு போட்டா உனக்கும் அப்படித்தானே? நடுவுல மட்டும்தானே தெரியும், சுத்தி இருட்டா இருக்கும். நான் அதான்னு நெனச்சேன்" என்றார்.

"பகல்லயுமா?"

அவர் சாவியை உருவி அவளிடம் நீட்டினார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொக்குக்குப் போன் போட்டாள். அவர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "என்ன மாமா, எஞ்சின் ஃபெயிலா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வேனை அவர் ஓட்ட, பால்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்னால் கேன்களுக்கு நடுவில், அவை உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு குளிரூட்டிய அறையில், வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தியதுபோன்ற ஒரு இயந்திரத்தின் முன்னால் அவரை உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கட்டி, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "நடுப் புள்ளிய மட்டும் பாருங்கய்யா. சுத்துவட்டாரத்துல அங்கங்க லைட்டு மின்னும். தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலன்னா விட்டுருங்க" என்றாள் சோதனை செய்கிற பெண். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பால்காரரின் மனைவி உட்கார்ந்தாள். புள்ளி எங்கே மின்னுகிறது என்று திரையில் தெரிந்தது.

மேலே மின்னியது. அவர் அழுத்தவில்லை. இடது ஓரத்தில் மின்னியது. அழுத்தவில்லை. கீழே, மறுபடி மேலே, வலது பக்கம். அவர் மிக ஒழுங்கான பிள்ளையைப்போல அசையாமல் உட்கார்ந்து, கட்டை விரலைத் தயாராக வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். இங்கே, அங்கே, இதோ இதோ என்று அவளுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. பாலத்தில் கத்த முடிந்தது; இங்கே கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அவளுடைய கட்டை விரல் மடியிலிருந்த பையின் பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதாவது நடுவில் ஒன்று மின்னும்போது மட்டும் பொத்தான் சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் அவர் அவளிடம் குனிந்து, "நடுவுல நடுவுல மெஷினு ஓடவே இல்லையே. கரண்டு போச்சா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அவள். "போயிட்டுப் போயிட்டு வந்துச்சு."

டாக்டரம்மா தாளை மேசையில் விரித்தார். கரியை அப்பியதுபோல் வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன ஓட்டை. பால்காரர் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "அடுப்புல விழுந்ததை எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார். டாக்டரம்மா சிரித்தார், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லவேண்டியதையும் சொல்லி முடித்தார். கண்ணுக்குள் அழுத்தம். ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். "வலிக்காது. அதான் இதோட கெட்ட குணமே. போனது திரும்பாதுங்க. மிச்சமிருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. வண்டி மட்டும் ஓட்டவே கூடாது."

"மாடு கறக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"கறக்கலாம்."

"அதுக்குக் கண்ணு எதுக்கு" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாங்க கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" டாக்டரம்மா தாளை மடித்துக்கொண்டே, "இப்பவாவது வந்தீங்களே" என்றார். அது அவளுடைய கேள்விக்குப் பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு பால் கேன்களைக் கொக்குதான் எடுத்துப்போனார். வேன் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. கோழிகள் அதன் அடியில் முட்டையிடப் பழகின. தினமும் சாயங்காலம் பால்காரர் கட்டிலில் மல்லாந்து படுப்பார். அவள் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, அவர் இமையை விரலால் விரித்துச் சொட்டு விடுவாள். சொட்டு சரியாக விழ வெளிச்சம் வேண்டியிருந்தது. "பாத்தியா, இதுக்கும் உதவுது" என்றார் அவர் முதல் நாள். வீட்டில் எதையும் வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தாமல் இருக்க அவள் கற்றுக்கொண்டாள். நகர்த்திவிட்டு மறந்து, அவர் இடித்துக்கொண்ட நாட்களும் உண்டு. அப்போது அவர் திட்டினார். அவள் மட்டும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

கோழி மறுபடி அடையில் உட்கார்ந்தபோது முட்டைகளை அவள் பார்த்தாள். இருட்டுக்குள் அவர் கதவோரம் நின்று, "என்ன தெரியுது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். "நரம்பு ஓடுது" என்றாள். ஒன்றில் ஓடவில்லை. அதற்கும் ஓடுகிறது என்றுதான் சொன்னாள்.

ஜூன் மாதம் மறுபடி சோதனை செய்தார்கள். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. தாளின் நடுவிலிருந்த வெள்ளை, முன்னைவிடச் சிறிதாக இருந்தது. டாக்டரம்மா இன்னொரு மருந்தும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடியுமுன் அவள் விளக்கை மாட்டிக்கொண்டு கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருந்தாள். அவர் பால் வாளியோடு கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்று அவளைக் கூப்பிட்டார். அவள் பழக்கத்தில் முகத்தைத் திருப்பி, உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க?" என்றாள்.

"கைய எடு" என்றார்.

"கண்ணு கூசும்."

"எடுன்னா. நீ எங்க நிக்கறேன்னு அத வச்சுத்தான் தெரியுது."

அவள் கையை எடுத்து, அவர் பக்கம் திரும்பினாள். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. நரைத்த தாடி மயிர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் கண்ணைச் சுருக்கவில்லை. வாளியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, விளக்கை நோக்கி நடந்து வந்தார்.